அரிப்புக்காரர்

ஆற்று மணலையும் தெருப் புழுதியையும் தண்ணீரில் அலசி, அதில் கலந்து கிடக்கும் பொன்னைப் பிரித்தெடுப்பவருக்கு அரிப்புக்காரர் என்று பெயர். கனமானதையும் லேசானதையும் நீரின் போக்கில் பிரிப்பதே அரித்தல். அடுக்களையில் அரிசி அரிப்பதும் அதுதான். சட்டியைச் சுழற்றிச் சாய்க்கும்போது அரிசி தண்ணீரோடு போய்விடும், கல் அடியில் தங்கும். அரிப்புக்காரருக்கு வேண்டியது அடியில் தங்குவது. மணலைப் போல ஏழு மடங்கு கனம் கொண்டது பொன். கடுகில் பாதியளவு துகளானாலும் தட்டின் அடியை விட்டு எளிதில் நகராது.

வேர்ச்சொல்லின் பொருள்கள் இன்னும் பல. கரையான் மரத்தை அரிக்கிறது, வெள்ளம் கரையை அரிக்கிறது, தோப்பில் சருகு அரித்துக் கூட்டுகிறார்கள். சல்லடைக்கும் அரிப்பு என்றொரு பெயர் உண்டு. ஓயாமல் கேட்டுத் தொல்லை கொடுப்பவரை ‘போட்டு அரிக்கிறான்’ என்கிறது பேச்சு வழக்கு. கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் எடுத்துக்கொண்டே இருப்பது இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொது.

நீலகிரியின் மேற்குச் சரிவில் தேவாலா, பந்தலூர்ப் பகுதி ஓடைகளில் பணியரும் குறும்பரும் மரத்தட்டில் மணல் அரித்துப் பொன் எடுத்து வந்தார்கள். 1879இல் பிரஃப் ஸ்மித் என்ற ஆஸ்திரேலியச் சுரங்க நிபுணர் அங்கே அழைத்துவரப்பட்டார். அதையடுத்து லண்டனில் பல லட்சம் பவுண்டு மூலதனத்தில் சுரங்கக் கம்பெனிகள் முளைத்தன. சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டன.

ஊர்களில் அரிப்புக்காரருக்கு ஆறு என்பது பெரும்பாலும் நகைப் பட்டறைத் தெருவின் சாக்கடைதான். அரம் போடும்போது தெறிக்கும் தூள் பாயில், வேட்டியில், கைரேகையில் ஒட்டிக்கொள்கிறது. பட்டறைக்காரர் கை கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்டுவதில்லை. அதையும் மீறி வாசலுக்கு வருவதே அரிப்புக்காரரின் பங்கு. விடியுமுன் தெருவைக் கூட்டி, சாக்கடை வண்டலை வாரி, தட்டில் இட்டுச் சுழற்றுவார்கள். மண் வழிந்து போனபின் கருமணல் எஞ்சும். அதில் பாதரசம் விட்டுப் பிசைந்தால் பொன் துகள்கள் அதனோடு சேர்ந்துகொள்ளும். துணியில் வைத்துப் பிழிந்து, எஞ்சிய உருண்டையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிவிடும். பிறகு நைட்ரிக் அமிலத்தில் இட்டு வெள்ளியையும் செம்பையும் கரைத்தால் பொன் மிஞ்சும். பாதரச ஆவி நரம்புகளைக் கெடுக்கும் நஞ்சு. மூடிய சிறு அறையில் இதைச் செய்கிறவர்களுக்கு இத்தொழில் தரும் கூலியில் அதுவும் சேர்த்தி. சுடுகாட்டுச் சாம்பலை அரிப்பவர்களும், தீர்த்தத் துறைகளில் காசும் நகையும் தேடுபவர்களும் இவர்களுக்கு நெருங்கிய இனமே.

வரலாற்றுக்கு இவர்களால் வந்த பயன் கரூரில் தெரிகிறது. அமராவதி ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் மணலைத் தோண்டிப் பொன் அரிப்பது அங்கே வழக்கம். பொன்னோடு பழங்காசுகளும் வந்தன: ரோமானியக் காசுகள், சேரரின் வில் அம்பு பொறித்தவை, மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை எனத் தமிழ் பிராமியில் பெயர் தாங்கியவை. அவை வியாபாரிகள் வழியாகச் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி சங்ககாலக் காசுகளைப் படித்து வெளியிட்டபின், சங்க அரசர்கள் பெயர் பொறித்த காசு வெளியிட்டார்கள் என்பது நிலைபெற்றது. மணலில் அவற்றை முதலில் கண்ட கைகளுக்குரியவர் யார் என்று எங்கும் பதிவில்லை. எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தன என்பதும் அவர்களோடு போய்விட்டது; இது பெரிய இழப்பு. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அன்றாடக் கூலிக்குக் காசை விற்பவர் அந்த வழியை நாடுவது அரிது.

லண்டனில் தேம்ஸ் கரைச் சேற்றைக் கிளறியவர்களை ‘மட்லார்க்’ என்றார்கள். 18ஆம் நூற்றாண்டின் முடிவில் அது கப்பல் சரக்குத் திருடர்களின் கூட்டாளிகளைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பத்திரிகையாளர் ஹென்றி மேய்ஹ்யூ எழுதியபோது, கரித்துண்டும் ஆணியும் பொறுக்கும் ஏழைச் சிறுவர்களைக் குறித்தது. இன்று அனுமதிச்சீட்டு வாங்கிப் பழம்பொருள் தேடும் பொழுதுபோக்காளருக்கு அது பெருமையான பெயர். தமிழ்நாட்டு அரிப்புக்காரருக்கு அப்படியொரு ஏற்றம் வாய்க்கவில்லை.

ஆற்றங்கரை மண்ணைப் பதிவோடு தோண்டுவோரும் உண்டு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலையோடைகள் வைப்பாற்றில் சேர்கின்றன. அந்த ஆற்றின் வடகரையில், வெம்பக்கோட்டை அருகே, 2022இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் அங்கே கிடைத்தன. அகழாய்விலும் தோண்டிய மண்ணைச் சல்லடையில் இட்டுச் சலிக்கிறார்கள். அதற்கு முன்பு குழியின் எண்ணும் ஆழமும் ஏட்டில் ஏறிவிடுகின்றன.