கருவுற்ற மகளிரும் தடுப்பூசி ஏற்பும்: மதுரை வட்டார வரலாற்று நோக்கு

1985இல் தொடங்கிப் படிப்படியாக மாவட்டங்களுக்கு விரிந்த அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம், கருவுற்ற மகளிருக்குரிய ரணஜன்னித் தடுப்பூசியையும் உள்ளடக்கியிருந்தது. மக்கள் வழக்கில் ‘டி.டி. ஊசி’ எனப்பட்ட இது, மதுரையைச் சூழ்ந்த மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பகுதிகளில் பேறுகால வழக்கங்களுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. இவ்வேற்பை அச்சம் நீங்கியதன் விளைவு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்தார். கருவுற்றவரைப் போலவே மாமியாரும் அவரை அறிந்திருந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி (2006இல் 6,000 ரூபாய், பின்னர் 12,000, 18,000 ரூபாய்) கருப்பதிவையும் பரிசோதனையையும் நாடச் செய்தது. வளைகாப்புக்குப்பின் தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் மரபில் செவிலியர் மாறுவார். அட்டை உடன்செல்லாவிடில் தவணை தவறக்கூடும். இது மறுப்பன்று, இடமாற்றமே. 2015இல் இந்தியா தாய்சேய் ரணஜன்னியை ஒழித்ததாக அறிவிக்கப்பட்டது.

கொரோனாத் தடுப்பூசியின் வரலாறு வேறு. 2021 ஜனவரி 16இல் அது தொடங்கியபோது கருவுற்றோர் விலக்கப்பட்டனர். மருந்துச் சோதனைகளில் அவர்கள் சேர்க்கப்படாமையே காரணம். ஜூலை 2இல்தான் நடுவண் அரசு இசைவளித்தது. இடைப்பட்ட ஐந்தரைத் திங்களில், இரண்டாம் அலையின் கடுமைக்கிடையிலும், கருவுற்றோருக்கு வேண்டாம் என்பதே அரசின் அறிவுரை. கருவுற்றவருக்குப் புதுமருந்து ஆகாதென்னும் வீட்டுப் பெரியோர் கருத்தும் அதனோடு ஒத்தது. பின்னர் எழுந்த தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குதல் எளிது. அரசு முதலில் கூறியதை மறவாமையும் அதில் உண்டு. மாறிய முடிவை விளக்கும் பொறுப்போ, டி.டி. ஊசியால் நம்பிக்கை பெற்றிருந்த அதே செவிலியர்மேல் விழுந்தது.