புதுக் கணினியிலும் திணறும் பழைய விளையாட்டு: ‘சுப்ரீம் கமாண்டர்’ சொல்லும் புரோசசர் வரலாறு

முன்னுரை

‘சுப்ரீம் கமாண்டர்’ 2007 பிப்ரவரியில் வெளிவந்த ஒரு கணினி வியூக விளையாட்டு. அதை இன்றைய புதுக் கணினியில் ஏற்றி, படத்தரத்தை எல்லாவற்றிலும் உச்சத்தில் வைத்து விளையாடிப் பாருங்கள். தொடக்கத்தில் தடங்கல் இல்லாமல் ஓடும். எட்டுத் தரப்பு மோதும் பெரிய போர் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் திணற ஆரம்பித்துவிடும். விளையாட்டின் கடிகாரத்தில் ஒரு வினாடி நகர, நம் கைக்கடிகாரத்தில் இரண்டு வினாடி ஆகிவிடும்.

“டீச்சர், புதுக் கிராபிக்ஸ் கார்டு போட்டா சரியாயிடுமா?” என்று படிவம் நான்கு மாணவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் ஆகாது என்பதே பதில். காரணம் கார்டில் இல்லை. 2004-ஆம் ஆண்டில் புரோசசர் உலகில் நடந்த ஒரு திருப்பத்தில் இருக்கிறது. காரணம், விளைவு எழுதப் பழகும் மாணவர்களுக்கு இது நல்ல பாடம். பெற்றோரின் பணமும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

1. ஒரு விளையாட்டு, இரண்டு வேலைகள்

வியூக விளையாட்டில் கணினி இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, கணக்கு. எந்தப் படை எந்த வழியில் போகிறது, எந்தக் குண்டு எங்கே விழுகிறது, யாருக்கு எவ்வளவு சேதம் என்பதையெல்லாம் கணக்கிட வேண்டும். இது புரோசசரின் வேலை. சுப்ரீம் கமாண்டரில் இந்தக் கணக்கு வினாடிக்கு 10 முறை நடக்கிறது. அதில் ஒவ்வொரு குண்டும் தனிப் பொருளாகவே பறக்கிறது. ஒரு தரப்புக்கு 1000 படைகள் வரை வைத்துக்கொள்ளலாம். மிகப் பெரிய களம் 81 கிலோமீட்டர் நீளம், 81 கிலோமீட்டர் அகலம்.

இரண்டாவது, ஓவியம். கணக்கில் வந்த முடிவைத் திரையில் வரைய வேண்டும். இதில் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டின் வேலை.

படத்தரத்தை உச்சத்தில் வைப்பது முக்கியமாக இரண்டாவது வேலையைத்தான் கூட்டுகிறது. ஆனால் விளையாட்டு திணறுவது பெரும்பாலும் முதல் வேலையால். இந்த வேறுபாடு புரியாமல் கார்டு வாங்கினால் காசுதான் கரையும்.

2. வேகம் தானாக ஏறிய காலம்: 1993 முதல் 2004 வரை

1974-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டும் அவருடைய குழுவினரும் ஒரு முக்கியமான உண்மையை எழுதி வைத்தார்கள். டிரான்சிஸ்டரைச் சிறியதாக்கினால் அது வேகமாக இயங்கும். அதே பரப்பளவில் செலவாகும் மின்சாரமோ கூடாது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குப் புரோசசர் தொழில் ஏறக்குறைய இந்த வழியில்தான் நடந்தது.

1993-இல் வந்த முதல் பென்டியம் 60, 66 மெகாஹெர்ட்ஸ் வேகங்களில் விற்பனையானது. 2004 நவம்பரில் பென்டியம் 4 வகை 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. பதினோரு ஆண்டுகளில் கடிகார வேகம் சுமார் 57 மடங்கு!

அந்தக் காலத்தில் விளையாட்டு எழுதியவர்களுக்கு ஒரு தைரியம் இருந்தது. “இன்னிக்கு மெதுவா ஓடினா என்ன, அடுத்த வருஷக் கணினியில் சரியாயிடும்” என்ற தைரியம். அது பொய்யும் இல்லை. 1997-இல் கிறிஸ் டெய்லர் தலைமையில் ‘டோட்டல் அனைஹிலேஷன்’ வந்தபோது, பெரிய போர்களில் அன்றைய கணினிகள் மூச்சு வாங்கின. சில ஆண்டுகளில் புதுப் புரோசசர்கள் அதைச் சர்வசாதாரணமாக ஓட்டின. அதே கிறிஸ் டெய்லர்தான் பிறகு கேஸ் பவர்ட் கேம்ஸ் நிறுவனத்தில் சுப்ரீம் கமாண்டரை உருவாக்கினார்.

3. திருப்பம்: 2004

டிரான்சிஸ்டர் மிகச் சிறியதானபோது புதிய சிக்கல் வந்தது. அணைத்து வைத்த நிலையிலும் மின்சாரம் கசிந்தது, சூடு ஏறியது. டெனார்டு சொன்ன கணக்கு இதற்கு மேல் பொருந்தவில்லை.

2004 மே மாதம் இன்டெல் நிறுவனம், பென்டியம் 4-க்கு அடுத்ததாகத் திட்டமிட்டிருந்த ‘டெஹாஸ்’ புரோசசரைக் கைவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையும் நிறுத்தியது. 2005-இல் இன்டெலின் பென்டியம் டி, ஏ.எம்.டி.யின் அத்லான் 64 எக்ஸ்2 ஆகிய இரட்டைக் கோர் புரோசசர்கள் வந்தன. 2006 ஜூலையில் கோர் 2 டுவோ வந்தது. ஒரு கோரை மேலும் மேலும் வேகமாக்குவதை விட்டு, கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டும் பாதைக்குத் தொழில் மாறியது.

இதற்குப் பிறகு நடந்ததை எண்ணில் பாருங்கள். 2023-இல் வந்த இன்டெல் கோர் ஐ9-13900கேஎஸ் உச்சத்தில் 6 கிகாஹெர்ட்ஸ் தொடுகிறது. 3.8-இலிருந்து 6-க்குப் போக பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. உயர்வு ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். ஒரு கோர் ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலை நன்றாகவே கூடியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனாலும் பழைய 57 மடங்குப் பாய்ச்சல் திரும்ப வரவில்லை.

4. திருப்பத்தில் மாட்டிக்கொண்ட விளையாட்டு

சுப்ரீம் கமாண்டர் இந்தத் திருப்பத்தை அறியாமல் எழுதப்பட்டதல்ல. ஓவிய வேலையும் கணக்கு வேலையும் தனித்தனிக் கோரில் ஓடும்படி அதைப் பிரித்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அது முன்னோடி முயற்சி. ஆனால் கணக்கு வேலையின் முக்கிய பகுதி ஒரே கோரில்தான் நின்றது.

அதையும் பத்துக் கோருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கலாமே? கேள்வி நியாயமானதுதான். பதிலுக்கு 1997-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ விளையாட்டை 28.8 கிலோபிட் மோடத்தில் எட்டுப் பேர் சேர்ந்து விளையாட வேண்டும் என்பது இலக்கு. ஒவ்வொரு படையின் இடத்தையும் நிலையையும் இணையத்தில் அனுப்பினால், அதிகம் போனால் 250 படைகள்தான் நகர முடியும் என்று அதன் நிரலாளர்கள் கணக்கிட்டார்கள். அதனால் வேறு வழி எடுத்தார்கள். நிலையை அனுப்பாமல், ‘இந்தப் படை அங்கே போகட்டும்’ என்ற கட்டளையை மட்டும் அனுப்பினார்கள். ஒவ்வொருவர் கணினியும் அதே கணக்கை, அதே வரிசையில், தானே போட்டுக்கொள்ளும். வியூக விளையாட்டுகள் பலவும் பின்னர் இதே முறையில் வந்தன. சுப்ரீம் கமாண்டரும் அப்படித்தான்.

இதில் இரண்டு விளைவுகள் உண்டு.

முதலாவது, எல்லாக் கணினியிலும் கணக்கின் வரிசை கடுகளவும் மாறக்கூடாது. மாறினால் ஒருவர் திரையில் உயிரோடு இருக்கும் படை இன்னொருவர் திரையில் செத்துக் கிடக்கும். பல கோர்களுக்கு வேலையைப் பிரித்தால் எது முதலில் முடியும் என்று சொல்ல முடியாது. ஆகவே பிரிப்பது மிகவும் சிரமம்.

இரண்டாவது, எல்லாரும் ஒரே கணக்கில் ஒன்றாக நகர வேண்டும் என்பதால், குழுவிலேயே மெதுவான கணினியின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். உங்கள் கணினி எவ்வளவு விலை உயர்ந்தது என்பது அங்கே எடுபடாது.

இதைக் கோயில் அன்னதானச் சமையலோடு ஒப்பிடலாம். காய் நறுக்கப் பத்துப் பேர் வந்தால் பத்து மடங்கு வேகம். ஆனால் பருப்பு வெந்த பிறகுதான் சாம்பாரைக் கூட்ட முடியும். ஆள் கூடினாலும் பருப்பு சீக்கிரம் வேகாது. ஜீன் அம்டால் 1967-இல் சொன்ன விதி இதுதான். நூறு நிமிட வேலையில் அறுபது நிமிடம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்றால், எத்தனை கோர் போட்டாலும் அறுபது நிமிடத்துக்குக் கீழே போகாது.

5. படத்தரமும் காரணமாக இருந்த ஓர் இடம்

படத்தரத்தை முழுக்க விடுவிக்கவும் முடியாது. சுப்ரீம் கமாண்டர் 32-பிட் நிரல். விண்டோஸில் அத்தகைய நிரலுக்கு வழக்கமாக 2 கிகாபைட் முகவரி இடம்தான் கிடைக்கும். கணினியில் 32 கிகாபைட் நினைவகம் இருந்தாலும் அவ்வளவுதான். 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்த புதிதில், கிராபிக்ஸ் கார்டின் நினைவகமும் இந்த 2 கிகாபைட்டுக்குள் இடம் பிடித்தது. ஆகவே படத்தரம் கூடக் கூட விளையாட்டு எல்லையைத் தொட்டு, பாதியிலேயே மூடிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டில் திருத்தம் வெளியிட்டது. திணறலும் திடீரென்று மூடிக்கொள்வதும் வேறு வேறு நோய்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

6. அப்படியானால் என்ன செய்யலாம்?

• முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். திரைத் தெளிவை ஒரு முறை பாதியாகக் குறைத்துப் பாருங்கள். திணறல் அப்படியே இருந்தால் கார்டு குற்றவாளி இல்லை. படத்தரத்தை மறுபடி உச்சத்துக்கே ஏற்றிவிடலாம்.

• படைகளின் உச்ச எண்ணிக்கையைக் குறையுங்கள். 1000-இலிருந்து 500 ஆக்கினாலே கணக்கு வேலை பெரிதும் இறங்கும். கணினி எதிரிகளின் எண்ணிக்கையையும் களத்தின் அளவையும் குறைப்பது இன்னும் நல்லது.

• படத்தரத்தில் எதையாவது குறைக்கத்தான் வேண்டுமென்றால் நிழலைக் குறையுங்கள். நிழலுக்காகப் பொருள்களை இன்னொரு முறை வரைய வேண்டியிருப்பதால் அந்தச் சுமை புரோசசரையும் தொடுகிறது.

• மடிக்கணினி என்றால் மின்இணைப்பில் போட்டு விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல மடிக்கணினிகள் புரோசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தனிக் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் விளையாட்டு அதைத்தான் பயன்படுத்துகிறதா என்று விண்டோஸ் அமைப்பில் பாருங்கள்.

• புதுக் கணினி வாங்கும்போது கோர் எத்தனை என்பதோடு நிற்காமல், ஒற்றைக் கோரின் வேகம் எப்படி என்றும் கேளுங்கள்.

7. விளையாட்டைக் காப்பாற்றியவர்கள்

2007 நவம்பரில் இதன் தொடர்ச்சியாக ‘ஃபோர்ஜ்ட் அலையன்ஸ்’ வந்தது. வெளியீட்டாளரான டி.ஹெச்.க்யூ. 2012 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. ஆனாலும் விளையாட்டு சாகவில்லை. ரசிகர்களே ‘ஃபோர்ஜ்ட் அலையன்ஸ் ஃபாரெவர்’ என்ற இணையக் களத்தை அமைத்து இன்றும் நடத்துகிறார்கள். இந்த விளையாட்டின் விதிகளில் பெரும்பகுதி லுவா என்ற எளிய நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதனால் ரசிகர்களால் அதைத் திறந்து, திருத்தி, கணக்குச் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க முடிந்தது. ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவரின் புரோசசருக்கும் மதிப்பெண் காட்டும் வழக்கமும் அங்கே உண்டு. மெதுவான ஒரு கணினி எல்லாரையும் இழுத்துப் பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

முடிவுரை

சுப்ரீம் கமாண்டர், இன்னும் வேகமான ஒற்றைக் கோர் வரும் என்று நம்பிய காலத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று. எதிர்பார்த்த அந்தக் கோர் வரவே இல்லை. ஒரு பொருள் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டால், அது எந்த ஆண்டில், எந்த நம்பிக்கையில் செய்யப்பட்டது என்று தேடுவதுதான் வரலாற்றுப் பார்வை. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் மாணவர் தேர்வுத் தாளில் காரணத்தைச் சரியாக எழுதுவார். கடையில் போய் நின்றாலும் தேவையில்லாத கார்டுக்கு அப்பாவின் ரிங்கிட்டைக் கொட்டமாட்டார்.

சிந்தனை வினாக்கள்

1. புரோசசரின் கடிகார வேக வளர்ச்சி 2004-க்குப் பிறகு மந்தமானதற்கான காரணத்தை இரண்டு வாக்கியங்களில் விளக்குக.
2. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் நிரலாளர்கள் 1997-இல் எடுத்த முடிவின் ஒரு நன்மையையும் ஒரு தீமையையும் எழுதுக.
3. ‘ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியும்.’ இக்கூற்று எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது? அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விவாதிக்க.