உருளை

"உருளையின் கன அளவு" என்ற கணக்கைப் பார்த்ததும், மயிலாப்பூரில் இருக்கும் தங்கை மகள் "உருளைக்கிழங்கா மாமா?" என்றாள். அவளுக்குத் தெரிந்தது சிலிண்டர். அதுவும் சமையலறையில் நிற்பது. 'உருட்டு' என்று பொருள்படும் கிரேக்க வினையில் பிறந்த சொல் அது. நம் உருளைக்கும் வேர் 'உருள்'தான்! இரு மொழிகளும் ஒரே அசைவைக் கண்டு பெயரிட்டது எனக்கு இன்னும் வியப்பு. முன்பு உருளை என்றால் தேர்ச்சக்கரம். உருளியும் சக்கரமே, பிறகு வாயகன்ற பாத்திரத்துக்கும் அப்பெயர் வந்தது. பாடநூலின் 'நேர்வட்ட உருளை' நல்ல சொல், புழங்கத்தான் ஆளில்லை. அவளைக் கொல்லைப்புற உறைகிணற்றுக்கு அழைத்துப்போனேன். உள்விட்டம் 1 மீட்டர், நீர் 2 மீட்டர் ஆழம். ஆரத்தை வர்க்கமாக்கி, பையாலும் ஆழத்தாலும் பெருக்கினாள்: ஏறக்குறைய 1,570 லிட்டர். எட்டிப் பார்த்து, "இதுவும் உருளையா!" என்றாள்.