அடுத்த அடியை எடுப்பவர் யார்? – கணினிவழிப் பாடங்களில் வழிச்செலுத்தலின் தொடக்க வரலாறு

கணினிவழிப் பாடங்களின் பட்டிகளும் பொத்தான்களும் பெரும்பாலும் திரை அழகு சார்ந்தனவாகவே பேசப்படுகின்றன. அவற்றின் தொடக்க வரலாறோ வேறொரு வினாவைச் சுற்றியே அமைந்தது. கற்பவர் அடுத்து எங்குச் செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்பவர் பாடத்தை எழுதியவரா, கற்பவரா? அமெரிக்காவில் 1950களிலிருந்து 1970கள் வரை இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

பி. எஃப். ஸ்கின்னரின் கற்பிக்கும் எந்திரத்தில் வழி ஒன்றே. பாடம் மிகச் சிறு படிகளாக அமைந்தது; மாணவர் அனைவரும் அதே வரிசையில் சென்றனர்; விரைவு மட்டுமே அவரவர் விருப்பம். நார்மன் கிரவுடர் இதிலிருந்து விலகினார். அவருடைய நூல்களில் ஒவ்வொரு விடைத் தெரிவுக்கும் எதிரே ஒரு பக்க எண் இருக்கும். தவறான விடையைத் தெரிந்தவர் செல்லும் பக்கம், அவர் ஏன் தவறினார் என்பதை விளக்கி, அவரை மீண்டும் வினாவுக்கே அனுப்பும். கிளைபிரியும் வழிச்செலுத்தல் இவ்வாறு கணினித் திரைக்கு முன்பே தாளில் வடிவம் பெற்றுவிட்டது. எனினும் கிளைகளை வகுத்தவர் ஆசிரியரே.

இலினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் தலைமையில் 1960இல் தொடங்கிய பிளேட்டோ திட்டம் கற்பவரின் கைக்கே சில விசைகளைத் தந்தது. முன்செல்ல ஒன்று, பின்செல்ல ஒன்று, உதவி கேட்க ஒன்று. அவற்றுள் ‘ஆஹா’ என்னும் விசை தனித்துக் குறிப்பிடத்தக்கது. உதவிப் பகுதியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே விடை புலப்பட்டுவிட்டால், அதை அழுத்தி நேரே வினாவுக்குத் திரும்பலாம். (தமிழருக்கு இப்பெயரை மொழிபெயர்த்துத் தர வேண்டியதில்லை.) உதவிக்குச் செல்லும் வழியை அமைப்பது எளிது, சென்றவர் விட்ட இடத்துக்கே மீள்வதை உறுதிசெய்வதே அரிது. பின்னர் அத்திட்டத்துக்கென உருவான டியூட்டர் மொழி இதற்கு நிலையான தீர்வு கண்டது. மாணவர் எந்த அலகிலிருந்து உதவிக்குச் சென்றார் என்பதை அமைப்பே நினைவில் வைத்திருந்தது. உதவி முடிந்ததும் அவரை அந்த அடிப்படை அலகுக்கே கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் ஆசிரியர் உதவிப் பகுதியை எழுதி வைக்காத இடத்தில், உதவி விசை இருந்தும் பயனில்லை.

1970களில் மைட்டர் நிறுவனமும் பிரிகாம் யங் பல்கலைக்கழகமும் உருவாக்கிய டிக்கிட் அமைப்பு தெரிவு முழுவதையும் கற்பவரிடம் ஒப்படைக்க முனைந்தது. விதி, எடுத்துக்காட்டு, பயிற்சி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி விசை. எளிது, கடினம் எனப் படியை மாற்ற இரு விசைகள். பாட அமைப்பை விரித்துக் காட்டும் வரைபட விசை. வழி தெரியாதபோது கேட்க ஆலோசனை விசை. கோட்பாட்டளவில் அக்கால அமைப்புகளுள் இதுவே மிகத் தெளிவானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஃபீனிக்ஸ், வட வர்ஜீனியா ஆகிய இரு சமுதாயக் கல்லூரிகளில் நடந்த மதிப்பீட்டின் முடிவுகள் 1978இல் வெளிவந்தன. பாடத்தை முடித்தவர்கள் விரிவுரை வகுப்பினரைவிட நன்றாகத் தேறியிருந்தனர். ஆனால் கணிதத்தில் முடித்தவர்களின் விகிதம் விரிவுரை வகுப்புகளைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. எனவே அத்தேர்ச்சியை விசைகளின் சிறப்புக்கு மட்டும் உரியதாகக் கொள்ளல் இயலாது. இடையில் நின்றவர்கள் அக்கணக்கில் இல்லை. ஆசிரியர் கூடுதலாகப் பங்கேற்ற ஆங்கிலப் பாடத்தில் அந்த இடைவெளி அத்தனை பெரிதாக இருக்கவில்லை.