இழுக்காத இஞ்சின்

கோடை விடுமுறைக்கு ஊட்டி போகிறவர்கள் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் போட்டோ எடுக்க ரயிலின் முன்பக்கம் ஓடுவார்கள். அங்கே இஞ்சினைக் காணோம்! வெறும் பெட்டிதான் நிற்கும். இஞ்சின் இருப்பது கடைசியில். நீலகிரி மலை ரயிலை நீராவி இஞ்சின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஏற்றத்தில் இணைப்பு விட்டுப்போனால் பெட்டிகள் பின்னோக்கி உருண்டுவிடாதபடி இஞ்சின் கீழே நின்று தாங்க வேண்டுமே!

இந்தப் பாதைக்கு 1854லேயே திட்டம் போட்டார்கள். ரயில் குன்னூரை எட்டியதோ 1899 ஜூனில். நடுவே 45 வருடங்கள்! 1891ல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு வேலையைத் தொடங்கி வைத்தார். எடுத்துச் செய்த கம்பெனி பாதியிலேயே நொடித்துப்போக, புதிய கம்பெனி வந்துதான் முடித்தது. ஊட்டிக்கு ரயில் போனது 1908ல். மொத்தம் 46 கி.மீ. தூரத்தில் 16 குகைகள், சுமார் 250 பாலங்கள். வென்லாக் பெயரை ஊட்டியில் ஒரு புல்வெளி சுமக்கிறது. பாறையை உடைத்தவர்களின் பெயரில் ஒரு கல்கூட இல்லை.

கல்லாரிலிருந்து குன்னூர் வரைதான் கஷ்டமான பகுதி. 12 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற்றம். சாதாரண இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறையில், தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்தார்கள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எனவே இஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரங்களுக்கு எந்த நேரமும் பிடி இருக்கும். இஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு. முதல் ஜோடி சாதாரண சக்கரங்களைச் சுழற்றும். அதிலிருந்து வெளிவரும் நீராவியே அடுத்த ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரங்களைச் சுழற்றும். கஞ்சத்தனமான ஏற்பாடு, ஆனால் பிரமாதம்!

டிரைவர் பின்னால் இருப்பதால் பாதை அவருக்குத் தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன் கொடி காட்டித்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படி ஒருவர் உண்டு. இஞ்சின் விசில் கேட்டு அவரவர் பெட்டிக்குப் பிரேக் போடுவார்கள். ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடும் பயணிகள் இவர்களைப் பார்ப்பதே இல்லை.

2005ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் பட்டம் கிடைத்தால் மட்டும் ரயில் ஓடிவிடுமா? பழைய இஞ்சின்களில் பல 1914க்கும் 1925க்கும் இடையே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. நூறு வயதை நெருங்கிய அவற்றை நம்பியே எத்தனை நாள் ஓட்டுவது? கடைசியில் திருச்சி பொன்மலைப் பணிமனையே புதிய நீராவி இஞ்சின்களைக் கட்டத் தொடங்கியது. 2011 முதல் எண்ணெயில் ஓடுபவை வந்தன, 2021ல் நிலக்கரியில் ஓடுவதே ஒன்று வந்தது. நீராவி முடிந்துபோன கதை என்று உலகமே ஒதுக்கிய பிறகு!

குன்னூருக்கு மேலே பல் பட்டை கிடையாது, டீசல் இஞ்சின்தான். ஊட்டியிலிருந்து இறங்கும்போது குன்னூரில் மறுபடி நீராவி இஞ்சின் மாட்டுவார்கள். அப்போதும் அதன் இடம் கீழ்ப்பக்கமே, அதாவது ரயிலுக்கு முன்னால். காலையில் போட்டோ கிடைக்காதவர்கள் அங்கே எடுத்துக்கொள்ளலாம்.