லிங்கன்

குளமும் குடியேற்றமும் சேர்ந்த பெயர் இது. பழைய கெல்டிய மொழியில் ‘லிண்டோ’ என்றால் குளம். லத்தீன் ‘கொலோனியா’, ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியேற்றிய ஊர். இங்கிலாந்தில் ரோமானியரின் ‘லிண்டம் கொலோனியா’ ஆங்கிலேயர் நாவில் தேய்ந்து லிங்கன் ஆயிற்று. ஊர்ப்பெயர் பிறகு குடும்பப் பெயரானது. 1637இல் நார்ஃபோக் மாவட்டத்து ஹிங்கமிலிருந்து சாமுவேல் லிங்கன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர் வழிவந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனுக்கு ஹிங்கம் தேவாலயத்தில் 1919இல் மார்பளவுச் சிலை வைத்தார்கள்.

குடும்பப் பெயர் மறுபடி ஊர்ப்பெயரானதுதான் வேடிக்கை. இல்லினாய் மாநிலத்து லிங்கன் நகரம் 1853இல், ஆபிரகாம் வெறும் வழக்கறிஞராக இருந்தபோதே, அவர் பெயரைப் பெற்றது. தர்பூசணிச் சாற்றைத் தெளித்து அவரே பெயர் சூட்டினாராம். அதன் நினைவாக ரயில் நிலையத்தருகே நிற்பது தலைவர் சிலையல்ல, தர்பூசணிச் சிலை! நெப்ராஸ்காவின் தலைநகர் லிங்கன் ஆனது அவர் இறந்தபின், 1867இல்.