செயற்கைக் கருவிழி (மறுசேர்க்கைக் கொலாஜன் வகை)

மனிதக் கொலாஜன் மரபணுவை ஈஸ்ட்டில் புகுத்தி, அது உருவாக்கும் புரதத்தை வார்த்துச் செய்யப்படும் ஒளிபுகும் படலம். தடிமன் அரை மில்லிமீட்டர். ஆய்வாளர் மே கிரிஃபித், கண் மருத்துவர் பெர் ஃபாகர்ஹோம் ஆகியோரின் குழு சுவீடனின் லிங்ஷோப்பிங்கில் 10 பேருக்கு இதைப் பொருத்தியது. ஈராண்டு முடிவுகள் 2010இல் வெளியாயின.

படலம் வெறும் சாரக்கட்டே. நோயாளியின் சொந்தச் செல்கள் அதனுள் ஊர்ந்து குடியேறின. அறுபட்ட நரம்புகள் மீண்டும் வளர்ந்து தொடுவுணர்வு திரும்பியது. கொடையாளர் திசு இல்லாததால் உடல் அதை நிராகரிக்கவில்லை. நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தும் நீண்டகாலம் வேண்டியிருக்கவில்லை. உண்மையான சாதனை இதுவே. பார்வை மேம்பட்டது 6 பேருக்குத்தான். படலத்தை இறுக்கிய தையல்கள் மேற்பரப்பு ஆறுவதைத் தாமதப்படுத்தின. கருவிழி மாற்றுச் சிகிச்சை பெருமளவில் இன்றும் கண்தானத்தையே நம்பியிருக்கிறது.